எழுதாமலிருக்க ஒரு விலை

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி எங்கள் வக்கீல் வட்டாரத்தில் இன்றும் பேசுவார்கள். யார் குத்தினார்கள், யார் ஆள் வைத்தார்கள் என்றே பேச்சு போகும். எனக்கு அந்தக் கொலையைவிட, செத்தவர் அதுவரை நடத்திவந்த தொழில்தான் முக்கியம். அதே தொழிலில் சிக்கி, அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டப்படுகிறவர்கள்தான் இப்போது கைபேசியை நீட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

சி.என். லட்சுமிகாந்தன் ஏற்கெனவே போலிப் பத்திர வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர். 1943இல் சென்னையில் ‘சினிமா தூது’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. பாதி உண்மை, மீதி கைச்சரக்கு. எழுதியதற்கு வாசகர்கள் காசு கொடுத்தார்கள். எழுதாமலிருக்கச் சினிமாக்காரர்கள் கொடுத்தார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 383ஆம் பிரிவு மிரட்டிப் பறிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. ‘தீங்கு’ என்றால் என்ன என்று 44ஆம் பிரிவு சொல்லும்போது உடல், மனம், சொத்து இவற்றோடு நற்பெயரையும் சேர்த்திருந்தது. ஆனால் பிராது கொடுத்தவர் கூண்டில் ஏற வேண்டும். எதை மறைக்கக் காசு கொடுத்தாரோ அது ஊர் கேட்க வாசிக்கப்படும். அந்தக் கூச்சம்தான் லட்சுமிகாந்தனின் முதலீடு. “அப்பாவுக்குத் தெரியாம முடிக்க முடியுமா, மேடம்?” என்று இன்று என்னிடம் கேட்கும் பெண்ணின் குரலிலும் அதே கூச்சம்தான்.

கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மூன்று பேர் ஒன்று சேர்ந்தார்கள். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். சினிமா தூதின் உரிமம் ரத்தானது. தனித்தனியாகக் காசு கொடுத்தவர்களால் ஆகாததைக் கூட்டாகப் போட்ட கையெழுத்து செய்தது.

தொழில் மட்டும் நிற்கவில்லை. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற வேறு பத்திரிகையில் புகுந்தார். இம்முறை சினிமாவுக்கு வெளியே இருந்த பெரிய மனிதர்களும் சிக்கினார்கள். ஒரு சமூக ஊடகக் கணக்கை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் முளைப்பவனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் அந்தத் தீபாவளிக்குத்தான் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்தது. மனுவில் கையெழுத்திட்ட மூவரும் கைதானார்கள். 1945 மே மாதம் நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் போய்விட்டது. கிருஷ்ணன் தன் இடத்தை மீண்டும் பிடித்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை, 1959இல் காலமானார். கொன்றவர் யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை.

கத்தி எடுத்தவர் யாராயிருந்தாலும், அது மிரட்டப்பட்டவர்களுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. எந்த வதந்தியும் செய்யாத சேதத்தை அந்த ஒரு குத்து பாகவதருக்குச் செய்தது. “நாலு பசங்களை வெச்சுத் தட்டிடலாம் மேடம்” என்று வரும் அண்ணன்மாரிடம் நான் சொல்வது இந்த வழக்கைத்தான். காசு கொடுக்கவும் வேண்டாம்: வாங்குகிறவன் கையில் படம் அப்படியே இருக்கிறது, உங்களால் கொடுக்க முடியும் என்பதும் அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

மனு கொடுக்கும் வழி மட்டும் அன்றைவிட எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு மிரட்டிப் பறித்தலுக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் அது மூன்றாண்டு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் பற்றி மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவையில் வயது வந்தவர்கள் தங்கள் படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் அடையாளக் குறியீடு மட்டும் அவர்கள் கைபேசியிலேயே உருவாகி, அதில் இணைந்த நிறுவனங்களுக்குப் போகும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய படத்தை நீக்கச் சமூக ஊடக நிறுவனங்களுக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன.

ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிட்டு வருகிறவர்கள் அநேகம். அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட், கணக்கின் முகவரி, பணம் கேட்ட எண், தேதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அந்தக் கணக்கைத் தடுங்கள். வீட்டில் நம்பக்கூடிய ஒருவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொல்லிவிட்ட செய்தியை அவனால் உங்களிடம் விற்க முடியாது.