கட்டை முதல் கணிப்பொறி வரை

வழிச் செல்வோன் மனத்தில் எழும் வினாக்கள் இரண்டு. வந்த தூரம் எவ்வளவு என்பது ஒன்று. அதற்குச் செலவானது எவ்வளவு என்பது மற்றொன்று. நடந்து சென்ற காலத்தில் காலின் களைப்பும் கட்டுச்சோற்றின் குறைவும் இவற்றுக்கு விடை கூறின. மாட்டு வண்டிக் காலத்தில் மாட்டின் நடையும் வைக்கோற் கட்டும் விடை கூறின. மோட்டார் வண்டியில் ஏறிய மனிதனுக்கோ களைப்பு இல்லை; எரிபொருளோ கண்ணுக்குத் தெரியாத தாங்கியிற் கிடக்கிறது. ஆகவே விடை கூறும் பொறுப்பை அவன் ஒரு கருவியிடம் ஒப்படைத்தான். அக்கருவியின் வரலாறு, அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாவின் வரலாறுமாகும்.

பழந்தமிழர் தூரத்தைக் காதத்தால் எண்ணினர். அண்மையிலுள்ளதைக் கூப்பிடு தூரம் என்றனர். கூப்பிடுபவனுடைய குரலுக்கேற்பக் கூப்பிடு தூரம் நீளும், குறுகும். காதமும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் வாயில் வழங்கிய சொல் வேறொன்று. தெருவோரத்தில் மைலுக்கொன்றாக நடப்பட்ட அடையாளத்தைக் 'கட்டை' என்றனர்; நாளடைவில் மைலுக்கே கட்டை என்பது பெயராயிற்று. ‘பள்ளிக்கூடம் இங்கிருந்து இரண்டு கட்டை’ என்றால் இரண்டு மைல் என்று சிறு பிள்ளையும் அறியும். ஈழத்தின் சில இடங்களில் இத்தனையாம் கட்டை என்பதே இடத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. குரலைப்போல மாறாமல், நட்ட இடத்தில் நிற்பது கட்டை. அளவு என்பதற்கு முதல் இலக்கணம் அதுவே.

நிற்கும் கட்டை இல்லாத வழியில் ஓடும் வண்டியே தூரத்தைச் சொல்லவேண்டும். இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றுறூவியசு. நான்கு அடி விட்டமுள்ள சில்லு ஒருமுறை சுழன்றால் வண்டி பன்னிரண்டரை அடி செல்லும். 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஓர் உரோமானிய மைல். சில்லின் சுழற்சியைப் பற்சக்கரங்களால் எண்ணி, மைலுக்கொரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழுமாறு அவர் ஒரு பொறியை விவரித்தார். மாலையில் கல்லை எண்ணினால் தூரம் தெரியும். பழஞ் சீனத்திலும் ‘லீ’ என்னும் அளவு கடந்தவுடன் மரப்பாவை ஒன்று முரசறையும் வண்டி இருந்தது.

உரோமானியர் கணக்கிற் சிறு குறை ஒன்றுண்டு. நான்கு அடி விட்டமுள்ள சில்லின் சுற்றளவு பன்னிரண்டரை அடியன்று. அதனினும் சற்றுக் கூடியது. அக்குறையால் மைலொன்றுக்கு ஏறத்தாழ 26 அடி கணக்கில் வராமற் போகும். பற்சக்கரம் தவறு செய்யவில்லை, எண்ணியது சரியே. எண்ணியதை எதனாற் பெருக்குவது என்பதிலேதான் பிழை புகுந்தது. இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின்னும் காரில் பொருத்தும் கணிப்பொறிக்கு நேரும் பிழை இதுவேயாகும்.

இப்பிழையைக் களைய மனிதர் பட்ட பாடு சிறிதன்று. 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன், இந்தியப் பெருநில அளவைக்கு அடிகோலும் வகையில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான கோடொன்றை உருக்குச் சங்கிலியால் அளந்தார். வெயிலிற் சங்கிலி நீளும் என்பதனால் அதற்கு நிழலிட்டு, வெப்பத்தையும் குறித்துக்கொண்டே அளந்தார். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் அதற்கு இரண்டாண்டு முன்னதாகவே, 1800இல், ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டிருந்தது. அக்காலத்து நில அளவையாளர் தெருக்களை அளக்கக் கைப்பிடி பூட்டிய ஒற்றைச் சில்லை உருட்டிச் செல்வர். சில்லு விரைவாக அளக்கும். சங்கிலி திருத்தமாக அளக்கும். விரைவானதைத் திருத்தமானதோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கே அளவு திருத்தம் என்று பெயர்.

மோட்டார் வண்டி வந்தபோது உருட்டிய சில்லு வண்டியின் சில்லாயிற்று. யாழ்ப்பாணத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கார்களில், கியர்ப் பெட்டியிலிருந்து சுழலும் கம்பியொன்று ஓட்டுநர் முன்னுள்ள மானிக்குச் செல்லும். கம்பி இத்தனை முறை சுழன்றால் ஒரு மைல் என்று தொழிற்சாலையிலேயே கணக்கிட்டிருப்பர். அக்கணக்கு, தொழிற்சாலை குறித்த அளவான ரயர் பூட்டியிருக்கும் வரையிலுமே மெய். பெரிய ரயர் பூட்டினால் மானி குறைத்துச் சொல்லும். தேய்ந்த ரயர் கூட்டிச் சொல்லும். 1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறியதும், மைல் காட்டும் மானிக்கும் கிலோமீற்றர்க் கல்லுக்கும் இடையே ஓட்டுநர் மனக்கணக்குச் செய்யவேண்டியதாயிற்று.

இவ்வளவும் முதல் வினாவுக்கு விடை. ‘செலவு எவ்வளவு’ என்னும் இரண்டாம் வினா உலகெங்கும் உரத்து எழுந்தது 1973இலாகும். அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. சில மாதங்களில் மசகெண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1971இல், சிறு சில்லொன்றில் கணிப்பொறியின் மூளையை அடக்கும் நுண்செயலி விற்பனைக்கு வந்திருந்தது. தேவையும் வழியும் சந்தித்தன. 1978ஆம் ஆண்டின் கடிலாக் செவில் காரில் பயணக் கணிப்பொறி ஒரு மேலதிக வசதியாக வந்தது. பழைய கார் வைத்திருந்தோர் கடையில் வாங்கித் தாமே பொருத்தக்கூடிய கருவிகளும் அதே காலத்தில் மேலைநாடுகளிற் பரவின.

இக்கருவிக்கு உணரிகள் இரண்டு. முதலாவது தூரத்துக்கு உரியது. கியர்ப் பெட்டியையும் பின்னச்சையும் இணைக்கும் நீண்ட தண்டில் சிறு காந்தத்தைக் கட்டி, அதனருகே அசையாத இடத்தில் கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்துவர். தண்டு சுழலுந்தோறும் சுருளில் ஒரு மின்துடிப்பு எழும். ரயரின் சுற்றளவு 1.8 மீற்றர் எனவும், சில்லு ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு நாலரைச் சுற்றுச் சுற்றும் எனவும் கொண்டால், கிலோமீற்றருக்கு 2,500 துடிப்புகள் வரும். இரண்டாவது எரிபொருளுக்கு உரியது. பெற்றோற் குழாயை இடையில் வெட்டி, சிறு சுழலி அமைந்த உணரியை வைப்பர். பெற்றோல் ஓடும்போது சுழலி சுற்றும். சுற்றுக்கு இத்தனை துளி என்று கருவி எண்ணும். தூரத்தை எரிபொருளால் வகுத்தால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது கிடைக்கும்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. உணரியைப் புகைக்குழாயின் வெப்பத்துக்கு அருகில் வைத்தால் பெற்றோல் ஆவியாகிக் குமிழியிடும். சுழலி குமிழியையும் பெற்றோலென்றே எண்ணும். தீப்பொறிக் கம்பியை ஒட்டி உணரியின் கம்பியைக் கொண்டுசென்றால், அங்கெழும் பொய்த் துடிப்பும் கணக்கிற் சேரும். எஞ்சிய எரிபொருள் தாங்கிக்கு மீளும் வண்டிகளில், போவதையும் மீள்வதையும் தனித்தனி அளந்து கழிக்கவேண்டும்.

பொருத்தியபின் வருவதே தலையாய பணி. தூரத்தைத் திருத்த, அளவு தெரிந்த தெரு வேண்டும். குடாநாடு இதற்கு வாய்ப்பான நிலம். மலையில்லை, ஏற்றமில்லை, கிலோமீற்றர்க் கற்களோ உண்டு. ஒரு கல்லிலிருந்து பத்துக் கல் ஓடி, கருவி காட்டுவதைப் பார்க்கவேண்டும். புது ரயரில் ஆறு மில்லிமீற்றர் தேய்ந்துவிட்டால், முன்சொன்ன கணக்கின்படி கருவி நூற்றுக்கு இரண்டு கூட்டிச் சொல்லும். கொழும்புக்குச் செல்லும் ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் அது எட்டுக் கிலோமீற்றர் பிழையாகும். எரிபொருளைத் திருத்த, தாங்கியை வாய்வரை நிரப்பி ஓடி, மீண்டும் அதே இடத்தில் வாய்வரை நிரப்பவேண்டும். கருவி 30 லீற்றர் என்று சொல்ல, நிரப்பு நிலையத்தில் 33 லீற்றர் பிடித்தால், கருவியின் கணக்கைப் பத்திலொரு பங்கு கூட்டவேண்டும். அந்த நிலையத்து அளவு சரியென்பதற்கு அரசின் அளவீட்டுத் திணைக்களத்தார் இட்ட முத்திரை சான்று. ஆக, கருவி நிலையத்தை நம்புகிறது; நிலையம் முத்திரையை நம்புகிறது. நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காட்டும் எண் வெறும் ஒளியே.

இந்த உண்மையைக் குடாநாட்டு மக்கள் கருவி இல்லாமலே கற்றனர். 1990இல் போர் மீண்டும் மூண்டதும் பெற்றோலும் டீசலும் யாழ்ப்பாணத்துக்கு வருவது தடுக்கப்பட்டது, மண்ணெண்ணெயும் மட்டுப்படுத்தப்பட்டது. அப்போது உயிர்பெற்று எழுந்தவை அரை நூற்றாண்டை எட்டிக்கொண்டிருந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே. அவற்றின் இயந்திரம் கலவையை அழுத்தும் விகிதம் குறைவு. ஆதலால் தாழ்ந்த எண்ணெயையும் தட்டின்றி எரித்தன. சிறிது பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கிச் சூடேற்றி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் புறப்படும் ஓட்டுநருக்கு, ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை கட்டைக்குப் போதும் என்பது பொழுதுபோக்குக் கணக்கன்று; உயிர்க் கணக்கு. பெற்றோலுக்கெனத் திருத்திய கருவி அங்கிருந்தாலும் பயன்பட்டிராது. மண்ணெண்ணெய் தடித்தது, சுழலியை வேறு விதமாகச் சுழற்றும். போத்தலால் அளந்து, ஓடிப் பார்த்து, மனத்தில் திருத்திக்கொண்டனர். செய்தது அளவு திருத்தமே. கணிப்பொறி ஓட்டுநரின் தலைக்குள் இருந்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்து, 2006இல் மூடி, 2009ஆம் ஆண்டுப் போர் முடிவுக்குப் பின் மீண்டும் திறந்தது. புதிய வண்டிகள் வந்தன. அவற்றுட் பலவற்றில் பயணக் கணிப்பொறி உடன்பிறந்தே வந்தது. பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சம் சூழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டையின்படி தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர், போய்வர 66. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வண்டி 20 லீற்றரில் 240 கிலோமீற்றர் செல்லும். ஆகவே வாரத்தில் மூன்று முறையே போய்வரலாம். திருத்தப்படாத கருவியோ 14 என்று காட்டுமாயின், நான்கு முறை செல்லலாமென்று உரியவர் எண்ணுவார். நான்காம் முறை திரும்பும் வழியில், வல்லை வெளிக்கு அண்மையில், வண்டி நின்றுவிடும். நூற்றுக்குப் பதினேழு பிழை தாளில் ஓர் எண். உப்புக்காற்று வீசும் வெளியில் அது இருட்டிய தெரு.

இன்று குழாயை வெட்டவும் காந்தத்தைக் கட்டவும் தேவையில்லை. புதிய வண்டிகளில் பழுது பார்ப்பதற்கென அமைந்த துவாரத்திற் செருகினால், இயந்திரத்தின் கணிப்பொறி அறிந்ததையெல்லாம் சிறு கருவி எடுத்துக் காட்டும். தூரத்தைச் சரிபார்க்க விண்ணில் உலவும் கோள்களின் துணையுமுண்டு. ஆயினும் தாங்கியை வாய்வரை நிரப்பிப் பார்க்கும் பழைய சோதனை ஓயவில்லை. அதற்கு மாற்றும் இல்லை. கருவி எத்துணை நுண்ணியதாயினும், அது தன் சொல்லைத் தானே மெய்ப்பிக்க இயலாது. வெளியே அசையாமல் நிற்கும் ஒன்றோடு ஒப்பிட்டே அதன் மெய்யை அறியவேண்டும். தெருவோரத்துக் கட்டை பேசாது, ஒளிராது. எனினும் ஒளிரும் எண்களுக்கெல்லாம் ஆசான் அதுவே.