மீட்டர் வெளிச்சத்தின் நிறக் கதை

காரின் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், ஏசி குமிழ், ஜன்னல் சுவிட்ச் ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் சிறு பல்புகளைக் கழற்றிவிட்டு, விருப்பமான நிறத்தில் எல்இடி பொருத்திக்கொள்ளும் வழக்கம் 1990களின் கடைசியில் தொடங்கி அடுத்த பத்தாண்டுகளில் பல நாடுகளுக்கும் பரவியது. அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில் டாஷ்போர்டின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது, அந்தந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த ஒளிமூலம்தான். கார் நிறுவனத்தின் ரசனைக்கு அதில் இரண்டாம் இடமே. பச்சை நெடுங்காலம் நிலைத்ததற்கும், நீலம் எட்டாமலே இருந்ததற்கும், பின்பு ஒரு சில ஆண்டுகளில் எங்கு பார்த்தாலும் நீலமாக மாறியதற்கும் அதுவே காரணம்.

முதல் கார்களில் வெளிச்சம் காட்ட வேண்டிய மீட்டர் என்று அநேகமாக எதுவும் இல்லை. அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், காந்தம் உண்டாக்கும் சுழல் மின்னோட்டத்தால் முள்ளை நகர்த்தும் ஸ்பீடோமீட்டருக்கு ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை இரவில் படிக்க வழியில்லை. முன்விளக்குகளே அசெட்டிலின் வாயுவில் எரிந்துகொண்டிருந்தன. 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்குகளும் ஒன்றாக வந்த பிறகு நிலைமை மாறியது. பேட்டரி வந்ததும் டாஷ்போர்டில் ஒரு பல்பு வைப்பது சுலபமாயிற்று. ஃபோர்டு மாடல் டி காருக்குக்கூட 1919இல் மின்சார ஸ்டார்ட்டரோடு ஓர் அம்மீட்டரும் சேர்ந்தது. அன்றைய டாஷ் விளக்கு, மீட்டர்களுக்கு மேலே சிறு மூடிக்குள் அமர்ந்து கீழ்நோக்கி ஒளி வீசிய ஒற்றைப் பல்பு. நிறம் பற்றிய பேச்சே எழவில்லை. பல்பு டயலுக்குப் பின்னால் போய், எழுத்துகளின் ஊடாக ஒளி வரத் தொடங்கிய பிறகே நிறம் ஒரு கேள்வியாயிற்று.

டங்ஸ்டன் இழையின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. அந்த ஒளியின் முன் பச்சை ஃபிலிமையோ பச்சை ரப்பர் உறையையோ வைத்தால் போதுமான வெளிச்சம் தாண்டி வரும். மனிதக் கண் நல்ல வெளிச்சத்தில் மிகக் கூர்மையாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதுவும் பச்சைதான். ஆகவே சிறு பல்பே போதும், சூடும் குறையும். அதே பல்பின் முன் நீல ஃபிலிமை வைத்தால் ஒளியின் பெரும்பகுதி ஃபிலிமிலேயே அடங்கிப்போகும். மிஞ்சுவது மங்கலான சாயல். இழை பல்பின் காலத்தில் டாஷ்போர்டில் நீலம் பெரும்பாலும் ஹை பீம் அடையாள விளக்கோடு நின்றுவிட்டது இதனால்தான். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஹோண்டா, டொயோட்டா கார்களில் ஏறியவர்களுக்கு அந்த இளம்பச்சை நன்றாக நினைவிருக்கும்.

இழை பல்பைக் கைவிடும் முயற்சிகளில் அழகானது 1960இல் கிரைஸ்லர் செய்தது. மின்புலத்தில் வைத்த சில வேதிப்பொருள்கள் தாமே ஒளிர்வதை பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ 1936இல் கண்டறிந்திருந்தார். அந்தத் தத்துவத்தில் சில்வேனியா நிறுவனம் உருவாக்கிய ஒளிப்பலகையை, கிரைஸ்லர் தன் குவிமாட வடிவ மீட்டர் தொகுதிக்குள் வைத்தது. பல்பே இல்லாமல் எண்களும் முட்களும் நீலப்பச்சையாக, எங்கும் ஒரே சீராக ஒளிர்ந்தன. இதை இயக்கப் பேட்டரி மின்சாரத்தை உயர் மின்னழுத்த மாறுமின்னோட்டமாக மாற்றும் தனிக் கருவி தேவைப்பட்டது. செலவு கூடிய ஏற்பாடு. சில கார் வகைகளைத் தாண்டிப் பரவவில்லை. ஆனால் அந்த ஒளியின் சீர்மையை அடுத்த முப்பது ஆண்டுகளில் வேறெந்த டாஷ்போர்டும் எளிதில் எட்டவில்லை.

சிவப்பின் வரலாறு போரிலிருந்து வருகிறது. வெளிச்சம் குறையும்போது சிவப்பு நிறங்கள் சீக்கிரம் கறுத்து, நீலமும் பச்சையும் ஒப்பளவில் பிரகாசமாகத் தெரிவதை செக் உடலியலாளர் யான் புர்க்கினியே 1819இல் கவனித்தார். பகலில் வேலை செய்வது விழித்திரையின் கூம்பு செல்கள். இருளில் வேலை செய்வது கோல் செல்கள். கோல் செல்கள் சுமார் 507 நானோமீட்டர் அலைநீளத்தில் மிகக் கூர்மையானவை, அடர்சிவப்பை அநேகமாக உணராதவை. ஆகவே சிவப்பு வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்தாலும் இருளுக்குப் பழகிய கண் கலையாது. இரண்டாம் உலகப் போரின் விமான ஓட்டி அறைகளும் நீர்மூழ்கிகளும் சிவப்பு விளக்குக்கு மாறியது இதனால். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும் என்பதால், அன்று இது உயிர் காக்கும் விஷயம். அதன் குறையும் சீக்கிரமே தெரிந்தது: வரைபடத்தில் சிவப்பில் இட்ட கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிட்டன. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விமானங்கள் மங்கலான வெள்ளை ஒளிக்குத் திரும்பின.

கார்களில் அந்தச் சிவப்பை நிலைநிறுத்தியவை ஜெர்மன் நிறுவனங்கள். பிஎம்டபிள்யூ தேர்ந்தெடுத்தது சுமார் 605 நானோமீட்டரில் அமையும் செம்மஞ்சள். ஆடி தேர்ந்தெடுத்தது அழுத்தமான சிவப்பு. ஆனால் கார் ஓட்டுபவர் முழு இருளில் ஓட்டுவதில்லை. தன் முன்விளக்கின் ஒளி, எதிரே வரும் வண்டிகள், தெருவிளக்குகள் எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. கோல் செல்களும் கூம்பு செல்களும் சேர்ந்தே வேலை செய்யும் நிலை அது. இங்கே நிறத்தைவிட வெளிச்சத்தின் அளவே முக்கியம். இதைச் சரியாகப் புரிந்துகொண்டது ஸ்வீடனின் சாப். விமானத் தயாரிப்பிலிருந்து கார் தொழிலுக்கு வந்த அந்த நிறுவனம், 1990களில் தன் கார்களில் ஒரு பொத்தான் வைத்தது. அதை அழுத்தினால் ஸ்பீடோமீட்டர் தவிர மற்ற மீட்டர்கள் அணைந்துவிடும்; கவனிக்க வேண்டிய ஏதாவது நேர்ந்தால் மட்டும் உரிய மீட்டர் தானாக ஒளிரும். டாஷ்போர்டு வெளிச்சத்தின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சிந்தனை இல்லை.

எல்இடி இந்தக் கதைக்குள் நுழைந்தது ஒவ்வொரு நிறமாக. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை உருவாக்கினார். 1972இல் மான்சான்டோ நிறுவனத்தில் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சளைச் சேர்த்தார். 1976இல் அறிமுகமான ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா, சிவப்பு எல்இடி எண்களால் ஆன டாஷ்போர்டைக் காட்டி எல்லோரையும் வியக்கவைத்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. ஜப்பானில் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ இருவரும் கேலியம் நைட்ரைடில் வழி திறந்தார்கள். தோகுஷிமா மாநிலத்தில் இருந்த நிச்சியா நிறுவனத்தின் ஷுஜி நாகாமுரா அதே பொருளில் வேலை செய்து, 1993இல் பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி பெறும் முறையும் 1996இல் நிச்சியாவிலிருந்தே வந்தது. 1997இல் வெளியான நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் டாஷ்போர்டு இருட்டில் நீல எண்களும் சிவப்பு முட்களுமாக ஒளிர்ந்தது. பல்பின் முன் ஃபிலிம் வைத்துப் பெற முடியாத நிறம் அது. எனவே புதுமையின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது.

பழைய காரில் அந்த நீலம் வேண்டும் என்ற ஆசையிலிருந்துதான் மாற்றும் வழக்கம் வேகம் பிடித்தது. ஹோண்டா சிவிக் போன்ற சிறு கார்களை அலங்கரிக்கும் இளைஞர்கள் முதலில் பல்புக்கு நிற உறை மாட்டினார்கள், அல்லது கண்ணாடி வண்ணம் பூசினார்கள். அடுத்து, தானே ஒளிரும் மெல்லிய டயல் தாள்கள் கடைக்கு வந்தன. கிரைஸ்லர் 1960இல் பயன்படுத்திய நுட்பம் மலிவு விலையில் திரும்பி வந்தது. பிறகு, பழைய பல்பின் இடத்தில் அப்படியே செருகக்கூடிய எல்இடி பல்புகள் கிடைத்தன. டி10, டி5 என்ற பெயர்கள் பல்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்பவை. கோல்ஃப் போன்ற கார்களில் எல்இடி சர்க்யூட் பலகையிலேயே சாலிடர் செய்யப்பட்டிருந்ததால், அவற்றை மாற்ற நுண்ணிய சாலிடரிங் கைத்திறன் வேண்டியிருந்தது. ஓடும் எஞ்சினில் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும். நீல எல்இடிக்கு வேண்டியதோ சுமார் 3 வோல்ட். மீதியை ஏற்க ஒற்றை எல்இடிக்கு 560 ஓம் அளவிலான ரெசிஸ்டர் ஒன்று தேவை.

பல்பைக் கழற்றி எல்இடியை மாட்டினால் முடிந்தது என்று நினைத்தவர்களைப் பல சிக்கல்கள் எதிர்கொண்டன. டயலுக்குப் பின்னால் இருக்கும் பச்சை ஃபிலிம் சிவப்பு எல்இடியின் ஒளியைத் தடுத்து ஏறக்குறைய இருட்டாக்கிவிடும். அதைச் சுரண்டியெடுத்த பிறகே புதிய நிறம் தெரியும். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும்; எல்இடி பெரும்பாலும் ஒரே திசையில் வீசும். அதனால் ஓர் எண் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் நின்றது. முள்ளைப் பிடுங்கி மாற்றியவர்கள் அதைச் சரியான கோணத்தில் திருப்பிப் பொருத்தாவிட்டால் வேகமே தவறாகக் காட்டியது. பேட்டரி சார்ஜ் விளக்கில் நடந்தது இன்னும் வினோதம்: பல பழைய கார்களில் அந்தப் பல்பின் வழியாகப் போகும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரைக் கிளப்பிவிடுகிறது. அந்த இடத்தில் மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் எல்இடியை வைத்ததும் பேட்டரி சார்ஜ் ஆகாமல் நின்ற கார்கள் உண்டு. இடது, வலது இண்டிகேட்டர் இரண்டுக்கும் ஒரே பல்பு அடையாளம் காட்டிய கார்களில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் எல்இடி ஒரு பக்கத் திருப்பத்துக்கு மட்டுமே சிமிட்டியது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது டிம்மர் செயலிழப்பது. பழைய டிம்மர் ஒரு மாறும் மின்தடை. 100 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கும் இழை பல்புகளை அது நன்றாக மங்கச் செய்யும். 20 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கும் எல்இடியிடம் அது அநேகமாகத் தோற்றுப்போகும். ஆகவே குமிழை எவ்வளவு திருகினாலும் டாஷ்போர்டு முழுப் பிரகாசத்தில் எரிந்தது. அதுவும் நீலமாக இருந்துவிட்டால், கோல் செல்கள் கூர்மையாக உணரும் எல்லைக்கு மிக அருகே விழும் ஒளி அது. விழித்திரையின் நடுக்குழியில் நீலத்தை உணரும் கூம்புகள் அநேகமாக இல்லை. கண்வில்லையும் நீலத்தைச் சிவப்பின் அதே இடத்தில் குவிப்பதில்லை. விளிம்பு கலங்கிய எண்களையும் கூசும் கண்ணையும் சுமந்துகொண்டு இருண்ட நெடுஞ்சாலையில் போவது அழகுக்குக் கொடுக்கத் தகாத விலை.

எச்சரிக்கை விளக்குகளின் நிறம் மட்டும் எவர் விருப்பத்துக்கும் உரியதல்ல. ஆபத்துக்குச் சிவப்பு, கவனிக்க மஞ்சள், இண்டிகேட்டருக்குப் பச்சை, ஹை பீமுக்கு நீலம் என்பதைச் சர்வதேசத் தர அமைப்பின் 2575ஆம் தரமும், ஐ.நா.வின் 121ஆம் வாகன விதியும் வகுத்துள்ளன. முழு டாஷ்போர்டும் ஒரே சிவப்பில் எரிந்தால் பிரேக் எச்சரிக்கை அதில் கரைந்துபோகும். நிறம் மாற்றுபவர் இந்த நான்கையும் தொடாமல் விட வேண்டும்.

நிறம் மாற்றும் இந்த ஆசையைக் கார் நிறுவனங்களும் கவனித்தன. 2005ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங், சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைக் கலந்து, பொத்தானை அழுத்தி 125 நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தொழிற்சாலையிலிருந்தே தந்தது. ஃபோக்ஸ்வாகனோ தன் நீலத்தைக் கைவிட்டு, 2008இல் வந்த ஆறாம் தலைமுறை கோல்ஃபில் வெள்ளைக்குப் போனது. 2012இன் டெஸ்லா மாடல் எஸ், 2014இன் ஆடி டிடி ஆகியவற்றில் முள்ளும் டயலும் திரையில் தோன்றும் படங்களாகிவிட்டன. அங்கே நிறம் என்பது மென்பொருளின் அமைப்பு. கழற்றி மாற்ற பல்பு உள்ள டாஷ்போர்டுகள் இப்போது பழைய கார்களில் எஞ்சியிருக்கின்றன. பலவற்றில் முதல் பல்பு எரிந்துபோய், அசல் பச்சை உறையோடு மாற்றுப் பல்பு கிடைப்பதும் அரிதாகிவிட்டதால், அந்த உரிமையாளர்களுக்கு எல்இடி இன்று அலங்காரத்தைவிடப் பழுதுபார்ப்புக்கே அதிகம் பயன்படுகிறது.