அரண்யா: பாதியில் விடப்பட்ட வீடுகள்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் ஏழைகளுக்கான வீட்டுவசதி என்றால், அரசு முழுமையாகக் கட்டிச் சாவியைக் கையில் ஒப்படைக்கும் குடியிருப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அத்தகைய வீட்டின் விலை பயனாளியின் வருவாய்க்கு எட்டாததால், 1970களில் உலக வங்கியின் ஊக்கத்தோடு ‘மனையும் வசதிகளும்’ என்னும் மாற்றுமுறை பரவியது. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு சிறு மனையை அரசு தந்துவிட, கைக்குப் பணம் வரும்போதெல்லாம் குடும்பமே வீட்டைக் கட்டிக்கொள்வது இம்முறையின் சாரம். சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய பகுதிகள் இவ்வாறு உருவானவையே. ஆயினும், மனைகளைக் கட்டம் கட்டமாக அளந்து பிரிக்கும் இவ்வேலையில் கட்டடக் கலைஞருக்கு இடமில்லை என்ற எண்ணம் நிலவியது. அதை மறுத்துக் காட்டியது, இந்தூர் வளர்ச்சிக் குழுமத்துக்காக கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1980களில் வடிவமைத்த அரண்யா நகர்.

சுமார் 85 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 6,500 மனைகள் கொண்ட இத்திட்டத்தில் பெரும்பகுதி, அரசு வழக்கில் ‘நலிந்த பிரிவினர்’ எனப்படும் மிகக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கப்பட்டது. தோஷியின் வாஸ்து சில்பா அறக்கட்டளையும் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவும் இந்தூரின் குடிசைப் பகுதிகளை முன்னதாகவே அளந்து ஆராய்ந்திருந்தன. சமையல், தொழில், சிறு வணிகம், பிள்ளைகளின் விளையாட்டு என வாழ்க்கையின் பாதி அங்கே வாசலுக்கு வெளியேதான் நடக்கிறது என்பதே அந்த ஆய்வின் பயனுள்ள கண்டுபிடிப்பு.

மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர்தான். அதில் தரைமட்டத்துக்கு மேல் எழுப்பிய அடித்தளம், கழிப்பறையும் குளியலிடமும் சேர்ந்த தொகுதி, வாங்குபவரின் வசதிக்கேற்ப ஓர் அறை ஆகியவற்றோடு கட்டுமானம் நின்றுவிடும். கழிவறைகள் அடுத்தடுத்து அமைந்ததால் இருபது வீடுகளுக்கு ஒரு பொதுக் கழிவுத்தொட்டி போதுமானதாயிற்று. குழாயில் மிச்சமான பணம் ஏழையின் தவணையைக் குறைத்தது. வளர்ச்சி எப்படி அமையலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் மட்டும் கட்டப்பட்டன. ‘ஓட்லா’ எனப்படும் வாசல் திண்ணையும் வெளிப்படிக்கட்டும் அவற்றில் இடம்பெற்றன. வெளிப்படிக்கட்டு அலங்காரமன்று, மாடியை வாடகைக்கு விட்டு வருவாய் தேட அது வழி.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஓரத்திலும் நடு வணிகத் தெருவிலும் அமைந்த பெரிய மனைகள் வசதியுள்ளோருக்கு விற்கப்பட்டு, அந்த இலாபம் சிறு மனைகளின் விலையைத் தாங்கியது. ஏழைகளின் மனைகளோ ஊருக்கு வெளியே தள்ளப்படாமல், நகரின் ஆறு பிரிவுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் வைக்கப்பட்டன. நீதியுணர்வு இங்கே கட்டடத்தின் முகப்பைவிட வரைபடத்தில்தான் கூர்மையாக வெளிப்படுகிறது.

1995இல் அரண்யா ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரானார் தோஷி. மாதிரி வீடுகளோ மாடி ஏறியும் முகப்பு மாறியும் அடையாளம் தெரியாதபடி ஆயின. அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை, திட்டத்தின் நோக்கமே அதுதான். உறுத்துவது வேறொன்று. நகரம் வளர்ந்து மனையின் மதிப்பு ஏறியபோது, முதலில் மனை பெற்ற ஏழைகள் சிலர் நடுத்தர வகுப்பினரிடம் அதை விற்றுவிட்டு வெளியேறினர். வரைபடத்தால் அதைத் தடுக்க இயலவில்லை; நிலத்தின் விலை கட்டடக் கலைஞரின் மேசையில் முடிவாவதில்லை.