காலங்காலத்தின் வயது

தோழர்களே, 2023 ஜனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் நுழைந்தார்கள். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வந்தார்கள். நூற்றுக்கணக்கான போலீசார் ஊரில் நின்றார்கள். ஒரு மாரியம்மனைக் கும்பிட இத்தனை பந்தோபஸ்து! இதுபோன்ற ஊர்களில் நமக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: காலங்காலமாக இருக்கிற வழக்கம்.

அந்தக் காலங்காலத்துக்கு என்ன வயது என்று நாம் கேட்டாக வேண்டும். எண்பது ஆண்டுத் தடை என்று செய்தித்தாள்கள் எழுதின. 2023-இல் எண்பதைக் கழித்தால் 1943. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு கக்கன் உள்ளிட்டோர் நுழைந்ததோ 1939 ஜூலை 8. அந்தக் கணக்கின்படி, மதுரைக் கதவு திறந்த பிறகு போட்ட பூட்டு இது. நம் பாட்டிமார்களில் பலர் இந்த 'வழக்கத்தை'விட மூத்தவர்கள்.

மாவட்டத் தலைநகருக்கு வருவோம். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரம் மலையோடு சேர்ந்து பிறந்தது போலத்தான் தோன்றும். அதைக் கட்டத் தொடங்கியது கிருஷ்ணதேவராயர் காலத்தில், முடித்தது செவ்வப்ப நாயக்கர் காலத்தில். இரண்டும் 16-ஆம் நூற்றாண்டு. அதே கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை வெட்டிய சிற்பி இந்தக் கோபுரத்தைப் பார்த்ததே இல்லை. கல்லுக்கே தேதி உண்டென்றால், வாசலில் நின்று தடுத்த கைக்கு இல்லாமலா போகும்? (கட்டச் சொன்னவர் பெயர் கல்லில் நிற்கிறது, சுமந்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அது தனிப் பேச்சு.) 1920-களின் இறுதியில் சுயமரியாதை இயக்கத்தின் ஜே.எஸ். கண்ணப்பர் இந்தக் கோயிலில் நுழைவுப் போராட்டம் நடத்தியதை இங்கே எத்தனை மாணவர்கள் படித்திருக்கிறீர்கள்?

1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வந்தது. தென்முடியனூர் கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தது. அப்படியானால் தடை குடியிருந்தது அரசின் கூரையடியில். சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வராது. யாராவது மனு எழுதி, அடிக்கு அஞ்சாமல் நின்றால்தான் வரும்.

கோயில் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930-இல் போராட்டத்தைத் தொடங்கிய அண்ணல் அம்பேத்கரே 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். போகவேண்டாம் என்று முடிவெடுப்பதும் நம் உரிமை. ஆனால் அந்த முடிவை நமக்காக இன்னொருவர் எடுக்க முடியாது.

அதே 2023 ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தபோதும் போலீஸ் காவல் தேவைப்பட்டது. மனிதர் போட்ட தடை உடைவதுபோல மனிதர் வென்ற உரிமையும் நழுவும். ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். போலீஸ் வண்டி இல்லாத ஆடி மாதத்தில் இந்த ஊர்களுக்குப் போங்கள். யார் உள்ளே போகிறார்கள், திருவிழா வரி நம் தெருவிலும் வாங்குகிறார்களா, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.