பெயரும் வாணிகமும்

கோலார் தங்கவயலுக்கு அண்மையில், பாலாற்றின் நீரைத் தேக்கிய பேரேரியின் கரையில் அமைந்திருப்பது பேத்தமங்களா. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே குடிநீர் அளித்த ஊர் அது. முற்காலத்தில் வாண மன்னனின் பெயர் தாங்கி விஜயாதித்தியமங்கலம் என்று வழங்கியது. அந்த நெடும் பெயர் கல்லிலே நின்றுவிட்டது. மக்கள் நாவிலே நிலைத்தது பேத்தமங்களாதான். எளிதில் சொல்லக்கூடிய பெயரே வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வுண்மை இன்றைய இணைய வாணிகத்துக்கும் பொருந்தும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்கு நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுவோர் பலராயினர். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடை வைக்கக் கருதும் இளைஞர் முதலில் தேட வேண்டுவது ஒரு பெயர். ‘ஆட்களப் பெயர்’ என்று எம்போன்ற மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறோம். கடைத்தெருவில் அது ‘டொமைன்’ என்றே வழங்குகிறது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதரோ எண்களை மறப்பர். ஆகவே 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தரும் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15-ஆம் நாள் முதல் ‘டாட் காம்’ பெயர் பதிவாயிற்று. நம் நாட்டின் ‘டாட் இன்’ பெயர்கள் 2005-இல் யாவரும் எளிதில் பெறுமாறு திறந்துவிடப்பட்டன.

பெயரால் விளைந்த பெரியதொரு வழக்கும் நம் பக்கத்தில் நிகழ்ந்ததே. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்னும் சொல்லைப் படைத்து, 1999-இல் ‘சிஃபிமால்’ முதலிய பெயர்களைப் பதிந்தது. பின்னர் மற்றொரு நிறுவனம், ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து, ஏறக்குறைய அதே ஒலியுடைய பெயரைப் பதிந்துகொண்டது. தன் நிறுவனர் ஐவரின் முதலெழுத்துகளே அவை என்றும் வாதாடியது. பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004 மே 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. ஆட்களப் பெயர் வெறும் முகவரியன்று, வணிகக் குறியைப் போன்றதே. பிறர் நற்பெயரில் தன் சரக்கை விற்க எவருக்கும் உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதனின்று சிறு வணிகர் கொள்ள வேண்டிய பாடம் தெளிவு. புகழ்பெற்ற பெயரை ஓர் எழுத்து மாற்றிச் சூடுவது வழக்கை விலைக்கு வாங்குவதாகும். ஒரு பெயருறுப்பில் 63 எழுத்துகள் வரை அமையலாம் என்பது விதி. எனினும் சுருக்கமே நன்று. ‘பேத்தமங்களா’வை உரோமன் எழுத்தில் எழுதுங்கால் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவர். ஆதலின் தொலைபேசியில் ஒருமுறை கேட்டவர் பிழையின்றி எழுதத்தக்க பெயரே கடைக்கு ஏற்றது. ‘டாட் இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் இன்று கிடைக்கிறது. பதிவைத் தம் பெயரிலேயே செய்து, தவணை தவறாது புதுப்பிக்கவும் வேண்டும். தவணை தவறிய பெயரைப் பிறர் கைக்கொள்ளக் கூடும்.

கடையில் சரக்கை மாற்றலாம், விலையையும் மாற்றலாம். வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த பெயரை மாற்றுவது அரிது. ஆகவே, முதல் நாளிலேயே ஆராய்ந்து சூட்டுவது அறிவுடைமையாகும்.