நீலகிரியைப் படம்பிடித்தவர்கள்

உதகமண்டலத்துப் பழைய பங்களாக்களில் சுவர்ப் படங்களைக் கண்டவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். தொப்பியணிந்த துரை ஒருவர் முழங்காலிட்டிருப்பார். அருகே துப்பாக்கி சாய்ந்திருக்கும். முன்னால் ஒரு புலியோ, காட்டெருதோ, வரையாடோ உயிரற்றுக் கிடக்கும். ஓரத்தில் தலைப்பாகை கட்டிய நம்மவர் இருவர் நிற்பர். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. அக்காலத்தில் காட்டு விலங்கின் புகைப்படம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

உயிருள்ள விலங்கைப் படம்பிடிக்க அவர்களுக்கு மனமில்லை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. கருவியும் இடங்கொடுக்கவில்லை. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஈரத் தகட்டு முறையே அப்போது வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். எனவே புகைப்படக்காரர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் கூலியாட்களின் தலையில் ஏறிச் சென்றன. தகட்டின்மேல் ஒளி சில விநாடிகளேனும் விழ வேண்டும். அத்தனை விநாடி அசையாமல் நிற்பவை மலையும் மரமும் மாளிகையுமே. மனிதனைக்கூட "அசையாதே" என்று சொல்லி நிறுத்தலாம். காட்டில் மேயும் கடமானிடம் யார் சொல்வது? ஆகவே செத்த விலங்கே படத்துக்கு இணங்கிய விலங்காயிற்று.

இந்தக் குறையினால் நமக்கு ஒரு நன்மையும் விளைந்தது. படம்பிடிப்போரின் கண் நிலத்தின்மேல் சென்றது. நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்த பிரீக்ஸ், மலைவாழ் மக்களையும் அவர்களுடைய பழஞ்சின்னங்களையும் பற்றி எழுதிய நூல் 1873இல் புகைப்படங்களுடன் வெளிவந்தது. 1875இல் உதகைக்கு வந்த ஆல்பர்ட் பென் என்பவர், அங்கே படக்கூடம் வைத்துப் பல ஆண்டுகள் தொழில் நடத்தினார். தோடர்களின் மந்துகள், ஏரி, தோட்டங்கள், மலைச்சரிவுகள் என அவர் எடுத்தவை பல. அக்காலத்துப் படங்களை இன்று பார்க்கும் மாணவர் முதலில் திகைப்பர். மரமடர்ந்த மலை என்று நாம் நினைத்திருக்கும் நீலகிரி, அவற்றில் பெரும்பாலும் மொட்டைப் புல்வெளியாகக் காட்சி தருகிறது! மடிப்புகளில் மட்டும் கருந்திட்டுகளாகச் சோலைகள். (ஆங்கிலத் தாவர நூல்களிலும் இக்காடுகளுக்குச் 'சோலை' என்னும் நம் சொல்லே வழங்குகிறது.) சீகை மரம் 1830களிலும் தைல மரம் 1840களிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. தேயிலை பின்னர்ப் பரவியது. புல்வெளியை வெறும் தரிசு என்று கருதிய ஆட்சியாளர் அதனை மரத்தால் நிரப்பினர்; விடுதலைக்குப் பின்னும் அந்த எண்ணம் உடனே மாறிவிடவில்லை.

உலர் தகடு வந்தபின் ஒளிபடும் நேரம் குறைந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் இரவில் ஒளிப்பொறி கொண்டு எடுத்த விலங்குப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகரபிக் இதழில் வெளிவந்தன. வடநாட்டில் வன அதிகாரியாயிருந்த சாம்பியன், புலியே கால்பட்டுத் தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி கம்பி கட்டி வைத்தார். அவருடைய நூல் 1927இல் வெளியாயிற்று. நீலகிரியிலோ துப்பாக்கியின் ஆட்சியே நீடித்தது. வேட்டைக்காரர்கள் 1877இல் கூட்டிய சங்கமும், 1879இல் இயற்றப்பட்ட வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வேட்டைக்கு விலங்கு அற்றுப்போகாதிருக்கவே தோன்றின. நோக்கம் எதுவாயினும், சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் நம் வரையாடு இன்றளவும் பிழைத்திருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1940இல் முதுமலையில் சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் ஏற்பட்டது. 

துப்பாக்கி ஓசை ஓய்ந்துவந்த அந்த முதுமலைக்குக் காமிராவுடன் வந்தவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பைசன் என்னும் பேராசிரியருடன் இளமையிலேயே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செடிகொடிகளைத் தேடி நடந்தார். சட்டமும் படித்தார், வானொலி நிலையத்திலும் சிலகாலம் வேலை பார்த்தார், 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்து, அது இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். பிறகு எவரிடமும் உத்தியோகம் பார்க்கவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பு. 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடரை 1996இல் மறையும்வரை எழுதிவந்தார்.

அவருடைய காமிரா ஒரு வேடிக்கையான பொருள். ஒரு கம்பெனியின் உடலும், வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்சும், தாமே பொருத்திய பிற உறுப்புகளுமாக அமைந்த அந்தப் பளுவான கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். இயற்கை ஆர்வலர் ஈ. பி. ஜீ அதனைத் தம் நூலில் நகைச்சுவையுடன் வருணித்திருக்கிறார். பணக்காரக் கருவிகளைத் தோளில் சுமந்து திரியும் இன்றைய இளைஞர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கலாம். வண்ணப் படம் பெருகிய பின்னரும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. தாமே கழுவி, தாமே அச்சிட்டார்.

முதுமலையில் அவர் பெரும்பாலும் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்தே படமெடுத்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. யானையின் வாடை மனித வாடையை மறைத்துவிடும். யானை வருவதைக் கண்டு காட்டெருதும் புள்ளிமானும் ஓடுவதில்லை. ஆனால் யானை ஓரிடத்தில் கல்போல நிற்காது. மூச்சு விடும்போதும் உடல் அசையும். கிளை ஒடித்துத் தின்னும்போது கேட்கவே வேண்டா. அந்த அசைவுக்கிடையே, மரநிழலின் மங்கல் ஒளியில் படம் எடுக்க வேண்டும். பாகரின் துணையின்றி இது நடவாது. குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய வனமக்கள் பலர் தெப்பக்காட்டில் அத்தொழில் செய்தனர். காட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களே. வேட்டைப் படத்தின் ஓரத்தில் பெயரின்றி நின்றவர்களின் பேரர்கள் என்றே அவர்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படங்கள் கண்ணைக் கவரும். கிருஷ்ணன் நாடியது வேறு. அந்த விலங்கு எந்த மரத்தடியில், எந்தப் புல்லை, யாருடன் கூடி மேய்கிறது என்பதும் படத்தில் இருக்க வேண்டும். யானைக்கூட்டத்தில் கன்று எந்தப் பெண்யானைகளுக்கிடையே நடக்கிறது என்பதைப் படத்தில் காணும் மாணவன், ஒரு பக்க விளக்கத்தைப் படிக்கத் தேவையில்லை. அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதையும் அவர் கடிந்து எழுதினார். இந்த நாட்டு விலங்குக்கு இந்த நாட்டுப் புல்லும் மரமும் வேண்டும் என்ற ஒரே எண்ணந்தான் இரண்டிலும். 1968 முதல் இரண்டாண்டுகள் நேரு நினைவு நிதியின் உதவியுடன் தீபகற்பத்தின் காடுகளை அலைந்து ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்தியது.

இதே காலத்தில் குன்னூரில் ஒரு வழக்கறிஞர், ஈ. ஆர். சி. டேவிதார், கோர்ட்டு வேலைக்கிடையே மலையுச்சிகளில் நடந்து வரையாடுகளை எண்ணினார். 1963இல் அவர் எடுத்த கணக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. வரையாடு ஆபத்தைப் பெரும்பாலும் கீழிருந்தே எதிர்பார்க்கும். ஆதலால் மேலிருந்து இறங்கிவருபவனுக்கு அது சற்று எளிதில் அகப்படும். வேட்டைக்காரன் கற்ற பாடம் இது. எண்ணுகிறவனுக்கும் படமெடுப்பவனுக்கும் அதே பாடம் பயன்பட்டது.

முக்கூர்த்தியின் புல்வெளிகள் 1982இல் சரணாலயமும் 1990இல் தேசியப் பூங்காவும் ஆயின. பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கும் சீகையும் தைலமும் புகுந்துள்ளன. அவற்றை அகற்றிப் பழைய புல்லை மீட்கும் முயற்சி நீலகிரியில் பல இடங்களில் நடந்துவருகிறது. எந்தச் சரிவு முன்னாளில் புல்லாயிருந்தது, எதில் சோலை நின்றது என்று அறிய எழுத்துச் சான்றுகள் போதா. பென்னின் காலத்துப் படங்கள் இங்கே துணைக்கு வருகின்றன. பங்களாச் சுவரில் தொங்கும் அந்த வேட்டைப் படமும் அப்படித்தான். துரையையும் செத்த வரையாட்டையும் விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் அடிவானம் வரை அலையலையாய்ச் செல்லும் புல்லைப் பாருங்கள்.