ஒற்றை எழுத்தும் முழுச் சொல்லும்



எங்கள் பக்கத்தில் ராஜபாளையத்தை 'ராஜை' என்போம், ஸ்ரீவில்லிபுத்தூரை 'ஸ்ரீவி' என்போம். வெறும் 'ஸ்ரீ' என்றால்? ஸ்ரீவைகுண்டமா, ஸ்ரீரங்கமா என்று கேட்பார்கள். கணினிக் கட்டளைகளுக்கும் இதே சிக்கல் வந்தது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். அன்றைய டெலிடைப் இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அச்சடிக்கும். அதனால் கட்டளையோடு சேர்க்கும் குறிப்புக்கு ஒரு கோடு, ஓர் எழுத்து என்று சுருக்கினார்கள். ஆனால் 'எல்எஸ்' கட்டளையில் சிறிய 'ஆர்' பட்டியலைத் தலைகீழாக்கும். 'ஆர்எம்' கட்டளையில் அதே 'ஆர்' கோப்புறையை உள்ளிருப்பதோடு அழித்துவிடும்!

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், இரண்டு கோடு போட்டு முழுச் சொல் எழுதும் வழக்கத்தைப் பரப்பியது: '--ரிவர்ஸ்', '--ரிகர்சிவ்'. ஆனால் பாஷ் ஷெல்லுடன் வரும் 'கெட்ஆப்ட்ஸ்' இன்றும் ஒற்றை எழுத்துக்காகவே அமைந்தது. முழுச் சொல் வேண்டுமானால், 'வைல்' சுற்றுக்குள் 'கேஸ்' வைத்து முதல் சொல்லைப் பார்த்து, 'ஷிஃப்ட்' போட்டு நகர்த்த வேண்டும். அதோடு மதிப்பும் வந்தால் 'ஷிஃப்ட் 2'. தெரியாத சொல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

2011-இல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் வந்தபோதுதான் நான் ஷெல் பழகினேன். மதிப்பெண் கோப்புகளுக்கு நானே எழுதிய ஸ்கிரிப்டில் 'டி' என்றால் அழிப்பது. சில மாதம் கழித்து, தேதி என்று நினைத்து அதையே போட்டேன். ஒரு வகுப்பின் அரையாண்டு மதிப்பெண்கள் போயின. பிள்ளைகளிடம் விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து ஏற்றினேன்.

ஸ்கிரிப்ட் எழுதும் என் பழைய மாணவர்களே, அழிக்கும் வேலைக்காவது முழுச் சொல்லைக் கேட்டு வாங்குங்கள்.